தேயாத மேடை

தமிழ்நாட்டு ஆசாரிகள் இன்றும் புழங்கும் ஒரு சொல் ‘மைக்கா’. “பிளைவுட்டுக்கு மேல மைக்கா ஒட்டிரலாம் அண்ணாச்சி, பத்து வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாம்” என்பார்கள். அலமாரிக் கதவிலும் கடைக் கல்லாவிலும் சாப்பாட்டு மேசையிலும் ஒட்டுகிற அந்த மெல்லிய, வழவழப்பான தகட்டைச் சொல்கிறார்கள். சன்மைக்கா என்றும் சொல்வோம். அது ஒரு வணிகப் பெயர். பொதுப்பெயராகி ரொம்ப நாளாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தகட்டில் மைக்கா என்கிற கனிமம் பொட்டளவுகூடக் கிடையாது. காகிதமும் பிசினும்தான். இன்னும் சொல்லப்போனால், மைக்கா இனி வேண்டாம் என்பதற்காகவே பிறந்த பொருள் அது. யாரை வீட்டைவிட்டுத் துரத்தியதோ அவர் பெயரிலேயே ஊரில் உலவுகிறது.

இந்தக் கட்டுரை அந்தத் தகட்டில் விழும் கீறலைப் பற்றியது. கீறலுக்கெல்லாம் ஒரு வரலாறா என்று கேட்கலாம். அமெரிக்காவில் வாடகை வீட்டில் இருந்தவர்கள் கேட்கமாட்டார்கள். இங்கே பெரும்பாலான வாடகைக் குடியிருப்புகளில் சமையல் மேடை கல் அல்ல, லேமினேட். வீட்டைக் காலி செய்யும்போது அலுவலகத்திலிருந்து வருபவர் முதலில் கார்ப்பெட்டைப் பார்ப்பார், அடுத்து இந்த மேடையைக் குனிந்து பார்ப்பார். முன்பணத்திலிருந்து எவ்வளவு திரும்பி வரும் என்பது அந்தக் குனிதலில் இருக்கிறது. நான் இருப்பது ஒஹாயோ மாநிலத்தின் சின்சினாட்டியில். ஃபார்மைக்கா என்ற பெயரில் இந்தத் தகடு உலகத்துக்குப் புறப்பட்டதும் இதே ஊரிலிருந்துதான். அதனால் எனக்கு இந்தக் கீறல்மேல் கொஞ்சம் கூடுதல் அக்கறை.

என் கேள்வி ஒன்றுதான். மரமேசையில் விழுந்த கோட்டைத் தேய்மானம் என்கிறோம். லேமினேட்டில் விழுந்த கோட்டை ஏன் சேதம் என்கிறோம்? இதற்குப் பதில் தேடிப் போனால் பாதை சோட்டா நாக்பூர் பீடபூமியில், ஒரு பூச்சியிடம் தொடங்குகிறது.

*

அரக்கு நமக்குப் புதிதில்லை. பாண்டவர்களை எரிக்கக் கட்டிய மாளிகை அரக்கு மாளிகை என்பது கூத்துப் பார்த்த எல்லோருக்கும் தெரியும். சுலபமாக உருகும், சுலபமாகப் பற்றிக்கொள்ளும் என்பதால்தான் துரியோதனன் அதைத் தேர்ந்தெடுத்தான். புரசு, இலந்தை, குசும் மரங்களின் இளங்கிளைகளில் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னஞ்சிறு பூச்சி, தன்னைச் சுற்றிக் கசியவிடும் பிசின்தான் அரக்கு. குச்சியோடு வெட்டி எடுத்தால் கொம்பரக்கு. சுரண்டி, கழுவி, நீண்ட துணிப்பைக்குள் அடைத்து, நெருப்பருகே உருக்கிப் பிழிந்து, சூடு ஆறுமுன் கையாலும் காலாலும் பல்லாலும் பிடித்து இழுத்து மெல்லிய பாளமாக விரிப்பார்கள். அது உடைந்து அவல் மாதிரி இருப்பதால் அவலரக்கு. ஆங்கிலத்தில் ஷெல்லாக். முண்டா, உராவ் போன்ற பழங்குடி மக்கள் காட்டில் சேகரித்த இந்தப் பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உலகச் சந்தைச் சரக்கு. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் பாடிய பழைய இசைத்தட்டுகள் அரக்கும் கல்தூளும் கலந்து அழுத்தியவைதாம்.

ஐரோப்பிய மேசை நாற்காலிகளின் பளபளப்பும் அரக்குதான். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சுப் பொதியில் தோய்த்து, நூறு தடவை மெல்லிசாகத் தேய்த்து ஏற்றுவது பிரெஞ்சு பாலிஷ். நம்மூர் ஆசாரிகளும் செய்ததுதான். அதற்குப் பலவீனங்கள் உண்டு. சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். மது சிந்தினால் கரையும். ஆனால் எது கரைக்கிறதோ அதுவே மருந்து. ஸ்பிரிட் நனைத்த துணியால் லேசாக ஒற்றினால் அரக்கு இளகி, தானே பரவி, கீறலை மூடிக்கொள்ளும். புதுப் பூச்சு பழைய பூச்சுக்குள் கரைந்து ஒன்றாகிவிடும். ஒட்டுப்போட்ட இடம் தெரியாது. நூறு வருடத்து மேசையை இன்றும் இப்படித்தான் மீட்கிறார்கள்.

மின்சாரம் வந்தபோது அரக்குக்குக் கிராக்கி பல மடங்கு ஏறியது. கம்பிச்சுருள்களுக்கு மின்கடத்தாப் பூச்சு வேண்டும். பூச்சிகள் மின்சார யுகத்தின் வேகத்துக்குப் பிசின் கசியவிடுமா? விலை ஏறியது. செயற்கை அரக்கு செய்பவனுக்குப் பெரும் செல்வம் காத்திருந்தது.

*

லியோ பேக்லாண்ட் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்காரர். 1889இல் அமெரிக்கா வந்தார். வேலாக்ஸ் என்ற புகைப்படத்தாளைக் கண்டுபிடித்து 1899இல் ஈஸ்ட்மனுக்கு விற்று, அந்தப் பணத்தில் நியூயார்க் அருகே யாங்கர்ஸில் வீட்டோடு ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார். ஃபீனாலையும் ஃபார்மால்டிஹைடையும் சேர்த்தால் பிசின்மாதிரி ஏதோ ஒன்று பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்கிறது என்பது அடால்ஃப் ஃபான் பேயர் 1872லேயே பார்த்த விஷயம். வேதியியலாளர்களுக்கு அது பாத்திரத்தைப் பாழாக்கும் தொல்லை. பேக்லாண்ட் அந்தத் தொல்லையைத்தான் சரக்காக்கினார். சூட்டோடு அழுத்தமும் சேர்த்தால் குமிழி இல்லாமல் இறுகும் என்று கண்டு, 1907இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1909 பிப்ரவரியில் உலகுக்கு அறிவித்தார். பேக்கலைட்.

அவர் தேடியது அரக்குக்கு மாற்று. கிடைத்ததோ அரக்குக்கு நேர் எதிர். அரக்கை வெல்லப்பாகு என்று வைத்துக்கொண்டால் பேக்கலைட் சுட்ட செங்கல். பாகு ஆறினால் கட்டியாகும், சூடாக்கினால் மறுபடி இளகும். செங்கல் ஒருமுறை சுட்டது சுட்டதுதான், மறுபடி மண்ணாகாது. பேக்கலைட் இறுகும்போது மூலக்கூறுகள் எல்லாத் திசையிலும் ஒன்றோடொன்று கைகோத்துப் பெரிய வலையாகிவிடுகின்றன. பிறகு எந்தச் சூடும் அதை உருக்காது, எந்த ஸ்பிரிட்டும் கரைக்காது. கருகும், உடையும், இளகாது.

1924 செப்டம்பரில் டைம் இதழ் பேக்லாண்டின் படத்தை அட்டையில் போட்டது. எரியாது, உருகாது என்பதுதான் படத்தின்கீழ் இருந்த வாசகத்தின் சாரம். அதே மாதம் ராஞ்சியை அடுத்த நாம்கும்மில் இந்திய அரக்கு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஒரு பக்கம் அரக்கைக் காப்பாற்ற நிலையம், மறுபக்கம் அரக்கை வென்றவருக்கு மாலை. தேதிகள் தற்செயலாக ஒன்றிப்போனவைதாம். ஆனால் காலம் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

உருகாது என்பது அன்றைக்குப் பெருமை. உருகாதது தானாக ஆறவும் ஆறாது என்பதை அன்று யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கவனித்திருந்தாலும் மின்கடத்தாப் பொருளில் கீறலைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

*

இப்போது மைக்கா. தமிழில் அப்பிரகம். கிராமத்தில் காக்காப்பொன் என்போம். சித்த மருத்துவத்தில் அப்பிரகச் செந்தூரம் உண்டு. ஏடு ஏடாகப் பிரியும், சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகத்துத் தகட்டு மைக்காவில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. கோடர்மா, கிரிதி, ஹசாரிபாக் ஒரு வட்டாரம். தெற்கே நெல்லூர் இன்னொன்று. பெண்களும் குழந்தைகளும் கத்தியால் ஏடு பிரித்தார்கள். அந்த மெல்லிய ஏடுகளை அரக்கால் ஒட்டிப் பெரிய தகடாக்குவார்கள். அதற்கு மைக்கனைட் என்று பெயர். மோட்டாருக்குள் இருக்கும் கம்யூட்டேட்டர் வளையங்கள் அதில் செய்தவை. அதாவது ஏடும் சோட்டா நாக்பூர், ஒட்டும் பசையும் சோட்டா நாக்பூர். அமெரிக்க மோட்டார் சுற்ற அந்தப் பீடபூமி இரண்டு கையாலும் கொடுத்துக்கொண்டிருந்தது.

பிட்ஸ்பர்க்கில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தில் வேலை பார்த்த டேனியல் ஓ’கானர் என்ற இளம் பொறியாளர் 1912இல் துணியில் பேக்கலைட் பிசினைப் பூசி, உருளையில் சுற்றி, நீளவாக்கில் வெட்டி விரித்து, அழுத்து இயந்திரத்தில் கொடுத்து இறுக்கினார். மைக்கனைட் செய்த வேலையை இந்தத் தகடு மலிவாகச் செய்தது. வேலை நேரத்தில் கண்டுபிடித்ததால் காப்புரிமை நிறுவனத்துக்குப் போனது; ஓ’கானருக்குக் கிடைத்தது ஒரு டாலர். அவரும் விற்பனைப் பிரிவில் இருந்த ஹெர்பர்ட் ஃபேபரும் வேலையை விட்டுவிட்டு, 1913இல் சின்சினாட்டி வந்து சொந்தமாகப் பட்டறை போட்டார்கள். ஆங்கிலத்தில் ‘மைக்காவுக்குப் பதில்’ என்ற பொருள் வரும்படி ஃபேபர் வைத்த பெயர் ஃபார்மைக்கா. நம் ஆசாரிகள் அதில் ‘பதில்’ என்பதை உதிர்த்துவிட்டு மைக்காவை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

முதல் பதினைந்து வருடம் அது மோட்டாருக்குள்ளும் ரேடியோப் பெட்டிக்குள்ளும் இருந்த பொருள். கறுப்பு அல்லது பழுப்பு; ஃபீனால் பிசினுக்கு வேறு நிறம் வராது. யாரும் அதைப் பார்ப்பதற்காக வாங்கவில்லை. அதனால் கீறல் என்ற பிரச்சினையே பிறக்கவில்லை.

*

பிரச்சினை பிறந்தது 1927இல், தகட்டின்மேல் படம் அச்சடிக்கக் கற்றுக்கொண்டபோது. உள்ளே இருக்கும் பழுப்பு தெரியாமல் மறைக்க ஒரு தடுப்புத்தாள், அதன்மேல் மரரேகையோ சலவைக்கல் வரியோ அச்சடித்த ஒரு தாள். மோட்டார் உறுப்பு ஒரேநாளில் அறைகலன் ஆயிற்று. சிகரெட் நெருப்பு சுடாதிருக்க உள்ளே உலோகத்தாள் வைத்த வகையும் வந்தது. உணவகங்களும் மதுக்கூடங்களும் வாங்கின. 1936இல் முதல் பயணம் புறப்பட்ட குயின் மேரி கப்பலின் உள்ளலங்காரத்தில் ஃபார்மைக்கா உண்டு.

முப்பதுகளின் இறுதியில் மேல்பூச்சுக்கு மெலமைன் பிசின் வந்தது. 1834இல் லீபிக் தயாரித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் கிடந்த பொருள். கண்ணாடி மாதிரித் தெளிவு, கடினம், எந்த நிறத்தையும் ஏற்கும். போர் முடிந்ததும் லட்சக்கணக்கில் புதுவீடுகள் எழுந்தன. சமையலறைக்கு வெள்ளையும் வெளிர்பச்சையும் இளஞ்சிவப்புமாக மேடைகள். ஐம்பதுகளின் அமெரிக்கச் சமையலறைப் படம் எதைப் பார்த்தாலும் அந்த மேடை இருக்கும்.

இதைப் பழிப்பது என் நோக்கமல்ல. அதற்கு முன்பிருந்த மேடைகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மரப்பலகை, தினம் மணலும் சோடாவும் போட்டுத் தேய்க்க வேண்டும், ஈரம் ஊறிக் கறுக்கும். லினோலியம், ஓரம் கிழிந்து தூக்கும். ஓடு பதித்த மேடை, இடுக்கெல்லாம் அழுக்கு. தேய்த்தவர்கள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும் என்ற வாக்குறுதி அந்தப் பெண்களுக்குப் பொய்யாகப் பட்டிருக்காது. உண்மையாகவே கைவலியைக் குறைத்த பொருள் அது. அரக்குக் காட்டிலும் மைக்கா அறையிலும் வேலை செய்தவர்களின் வாழ்வு இனிமையாக இருந்தது என்றும் நான் சொல்லவில்லை. மைக்கா எடுக்கும் ஜார்க்கண்ட் கிராமங்களில் குழந்தை உழைப்பு இன்றும் செய்தியாகிக்கொண்டுதான் இருக்கிறது.

நான் சொல்வது வேறு. ‘சுத்தம் செய்வது சுலபம்’ என்ற உண்மையோடு ‘பழுதே வராது’ என்ற வாக்குறுதியும் சேர்ந்தே விற்கப்பட்டது. முதலாவதை மேடை காப்பாற்றியது.

*

கீறலைச் சரிசெய்ய முடியுமா என்பதற்கு, தகட்டின் உடலைத் தெரிந்துகொள்ள வேண்டும். கீழே ஃபீனால் பிசினில் ஊறிய பழுப்புக் காகிதம் பல அடுக்கு. அதன்மேல் மெலமைனில் ஊறிய, அச்சடித்த ஒற்றைத் தாள். தேய்வு அதிகம் எதிர்பார்க்கும் இடத்துக்கு அதற்கும்மேல் கண்ணாடிபோன்ற இன்னொரு மெல்லிய தாள். எல்லாவற்றையும் சதுர அங்குலத்துக்கு 1000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில், கிட்டத்தட்ட 140 டிகிரி சூட்டில் ஒன்றாக இறுக்குகிறார்கள். சமையல் மேடைத் தகட்டின் மொத்தத் தடிமன் சுமார் 1.2 மில்லிமீட்டர். நாம் பார்க்கும் நிறமும் கோலமும் அதில் ஒரு தாள் மட்டுமே. அடியில் இருப்பதோ மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பலகை.

மரத்தில் கீறல் விழுந்தால் இழைக்கலாம். உள்ளேயும் அதே மரம். கடப்பைக்கல் மேடை மங்கினால் மறுபடி பாலிஷ் போடலாம். உள்ளேயும் அதே கல். லேமினேட்டை இழைத்தால் படம் போய்விடும், உள்ளே பழுப்புக் காகிதம் பல்லிளிக்கும். அதனால் இங்கே பழுதுபார்ப்பது என்றால் மறைப்பது. நம் பெயின்டர்கள் சொல்வார்களே, பட்டி பார்ப்பது, அதேதான்.

என் குடியிருப்பில் பராமரிப்பு வேலை பார்த்த ஒரு கென்டக்கிக்காரர் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதலில் நகத்தால் தடவிப் பார்த்தார். நகம் தடுக்கவில்லை என்றால் கீறல் மேல்பூச்சில் மட்டும்தான். அதற்கு ஒரு மெழுகு பாலிஷ். பள்ளத்தில் மெழுகு உட்கார்ந்து வெளிச்சத்தைச் சிதறவிடாமல் செய்யும். சில வாரத்தில் போய்விடும், மறுபடி போட வேண்டும். நகம் தடுக்கிறது, ஆனால் பழுப்பு தெரியவில்லை என்றாலும் அதேதான். பழுப்பு தெரிந்தால் வேலை வேறு. கடையில் குழாயில் விற்கும் நிறப்பசை வாங்க வேண்டும். இரண்டு மூன்று நிறத்தைக் கலந்து, மேடையின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்து, காயவிட்டு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். காய்ந்தால் நிறம் மாறும். எண்ணெய்ப் பிசுக்கைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, தட்டையான கத்தியால் பசையைக் கீறலுக்குள் அழுத்தி, வழிந்ததைக் கரைப்பானில் நனைத்த துணியால் எடுத்துவிட வேண்டும். காயும்போது பசை சுருங்கிப் பள்ளம் விழும். அதனால் ஒரே தடவையில் நிரப்பாமல் மெல்லிசாக இரண்டு தடவை. புள்ளிக் கோலம் போட்ட மேடை என்றால் மெல்லிய தூரிகையால் புள்ளியும் வைக்க வேண்டும்.

அவர் வேலை முடிந்ததும் எதிர்ப்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார். நின்ற இடத்திலிருந்து தெரியாத கீறல் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நின்றால் தெரிந்தது. பளபளப்பு வேறு. அது அப்படித்தான் இருக்கும் என்றார். பசை மேடையைவிட மெத்து. சூடான வாணலி வைத்தால் இளகும், தேய்க்கிற பொடி போட்டால் உரிந்துவிடும். ஆனால் ஒரு நிஜமான பயன் உண்டு என்று விளக்கினார். கழுவுதொட்டியை ஒட்டி ஆழமான கீறல் இருந்தால் தண்ணீர் உள்ளே போகும். அடியில் இருக்கும் தூள்பலகை தண்ணீர் பட்டால் ஊறி உப்பும். உப்பினால் திரும்ப அடங்காது. அழகுக்கு இல்லாவிட்டாலும் தண்ணீரைத் தடுக்கவாவது அடைக்க வேண்டும்.

மேடை முழுக்கக் கீறலென்றால் மேலேயே புதுத்தகடு ஒட்டலாம். பழைய பளபளப்பை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, இரண்டு பக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவு காயவிட்டு வைக்க வேண்டும். பட்டால் பட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால் இடையில் குச்சிகளை வரிசையாகப் போட்டு, அதன்மேல் தகட்டை நேராக வைத்து, ஒவ்வொரு குச்சியாக உருவிக்கொண்டே அழுத்துவார்கள். எங்கள் ஊர் ஆசாரிகள் செய்வதும் கிட்டத்தட்ட இதுவே.

தமிழ் வீடுகளில் இந்த மேடைக்குக் கூடுதல் சோதனைகள் உண்டு. மெலமைனைவிட மணல் கடினம், கத்தி கடினம், பீங்கான் பாத்திரத்தின் பூச்சில்லாத அடிவளையம் கடினம். இதில் டேபிள் டாப் கிரைண்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லும் மாவுமாக அதை மூலையிலிருந்து இழுத்து, அரைத்து, மறுபடி தள்ளுகிறோம். அடியில் ஒரு மணல்துகள் மாட்டினால் போதும். மஞ்சள் கறை வேறு. கறைக்கு மட்டும் இயற்கையே மருந்து வைத்திருக்கிறது: மஞ்சளின் நிறம் வெயிலில் வெளிறும், ஜன்னலோர மேடையில் சில நாளில் தானே மங்கும். கீறலுக்கு வெயில் உதவாது.

*

இனி முன்பணத்துக்கு வருவோம். அமெரிக்க வாடகைச் சட்டத்தில் அடிக்கடி வரும் ஒரு கருத்து, வழக்கமான தேய்மானம். ஒரு வீட்டில் ஒழுங்காக வாழ்ந்தாலே ஏற்படும் மங்கல், தேய்வு வாடகைதாரரின் கடன் அல்ல. சேதம் என்றால் கடன். ஒஹாயோவில் வீட்டுக்காரர் 30 நாளுக்குள் பிடித்தம் ஒவ்வொன்றையும் வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். தவறாகப் பிடித்ததை மீட்க வழக்குப் போனால் அதே அளவு இழப்பீடும் கேட்கலாம்.

நாங்கள் மூன்று வருடம் இருந்த ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த பட்டியலில் ‘கௌண்டர்டாப் சேதம்’ என்று 240 டாலர் இருந்தது. குடிவந்த அன்றே அந்த மேடையில் கத்திக்கோடுகள் இருந்தன. குடிவரும்போது நிரப்பித் தந்த படிவத்திலும் எழுதியிருந்தோம், படமும் எடுத்திருந்தோம். அதைக் காட்டியபோது அலுவலகத்துப் பெண்மணி மரியாதையாகவே சொன்னார்: கார்ப்பெட் தேயும், சுவரில் பெயின்ட் மங்கும், அதெல்லாம் தேய்மானம். ஆனால் லேமினேட் தேயாதே, அதில் கோடு விழுந்தால் யாரோ கீறியதாகத்தானே அர்த்தம்?

நான் அதற்குப் பிறகு பல நாள் யோசித்தது அந்த வாக்கியத்தைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. எழுபது வருட விளம்பரம் சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொன்னார். தேயும் என்று ஒப்புக்கொண்ட பொருளுக்கு வயது உண்டு, வயதுக்கேற்ற கழிவு உண்டு. தேயாது என்று சொன்ன பொருளில் ஒரு கோடு விழுந்தால் தேட வேண்டியது வயதை அல்ல, குற்றவாளியை. அந்தக் குற்றவாளி அநேகமாக வீட்டின் சொந்தக்காரராக இருக்கமாட்டார்.

நம் வீடுகளில் பழைய பொருட்கள் இப்படி யாரையும் குற்றவாளியாக்கியதில்லை. அம்மி தேயும், தேயும் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் ‘அம்மி கொத்தலையோ’ என்று தெருவில் ஒருவர் வருவார். பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் போகும். பூச ஒருவர் வருவார். தேய்மானத்தை ஒப்புக்கொண்ட இடத்தில் ஒரு தொழிலும் ஒரு கூலியும் இருந்தன. மாமியார் மருமகளைத் திட்ட வேறு காரணம் தேட வேண்டியிருந்தது.

உண்மையில் லேமினேட் தேயும் என்பது அதைச் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அளந்தே வைத்திருக்கிறார்கள். தகட்டின் ஒரு துண்டைச் சுழலும் தட்டில் பொருத்தி, உப்புத்தாள் சுற்றிய இரண்டு சக்கரங்களை அதன்மேல் அழுத்தி ஓட்டுகிறார்கள். அச்சடித்த கோலம் அழிய எத்தனை சுற்று என்று எண்ணுகிறார்கள். அமெரிக்கத் தரநிர்ணயத்தில் சமையல் மேடைக்கான பொதுவகைத் தகடு 400 சுற்று தாங்க வேண்டும். ஆக, ஆய்வுக்கூடத்தில் தேய்மானம் ஒரு எண். கடையிலும் வாடகை அலுவலகத்திலும்தான் அது இல்லாமல் போகிறது.

என் கடிதத்தில் இந்த 400ஐயும் எழுதி, கூடவே ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: இந்த மேடை போட்டது எந்த வருடம்? அவர்களிடம் பதிவு இல்லை. வயது தெரியாத பொருளுக்கு என்ன கணக்கில் முழுவிலை? சில வாரம் கழித்து 240 டாலருக்குக் காசோலை வந்தது, விளக்கம் எதுவும் இல்லாமல்.

*

டெக்சாஸ் மாநிலத்தின் டெம்பிள் நகரில் ஒரு வீடு இருக்கிறது. வில்சன்ஆர்ட் என்ற லேமினேட் நிறுவனத்தைத் தொடங்கிய ரால்ஃப் வில்சன் 1959இல் தனக்காகக் கட்டியது. மேடை, சுவர், குளியலறை என்று எங்கும் லேமினேட். குடும்பம் வாழ்ந்த வீடும் அதுதான், தகடு எப்படித் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனைக்கூடமும் அதுதான். 1998இல் அமெரிக்காவின் வரலாற்றுச் சின்னங்களின் தேசியப் பதிவேட்டில் அந்த வீடு சேர்ந்தது. அங்கே ஒரு கோடு விழுந்தால் அது வரலாறு. என் குடியிருப்பில் விழுந்தால் பிடித்தம்.

2013இல் இத்தாலியின் ஆர்ப்பா நிறுவனம் ஃபெனிக்ஸ் என்று ஒரு தகடு கொண்டுவந்தது. அதன் மேற்பூச்சு மெலமைன் அல்ல, எலெக்ட்ரான் கற்றையால் இறுக்கிய அக்ரிலிக் பிசின். நுண்கீறல் விழுந்தால் ஈரத்தாளை மேலே வைத்து, மிதமான இஸ்திரிப்பெட்டியால் தேய்க்கச் சொல்கிறார்கள். சூட்டில் கீறல் மறைந்துவிடுகிறது. கத்திவெட்டு மறையாது, நுண்கீறல் மட்டும். பெரிய தொழில்நுட்பம்தான். ஆனால் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இளகாது என்று பெருமைப்பட்டு நூறு வருடம் ஓடிய தொழில், கொஞ்சம் இளகக்கூடிய மேற்பரப்புக்கு விலை கூட்டி விற்கிறது. இலந்தைக் கிளையில் இருக்கும் பூச்சி அதை எப்போதோ செய்துவிட்டது.

நாம்கும் நிலையம் பெயர் மாறி இன்றும் இயங்குகிறது. அரக்கும் போய்விடவில்லை. மாத்திரைகளுக்கும் மிட்டாய்க்கும் ஆப்பிளுக்கும் பளபளப்பு ஏற்றுகிறது. பழைய மேசைகளை மீட்பவர்கள் அவலரக்கைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். ஃபார்மைக்காவின் ஆலை சின்சினாட்டியை ஒட்டிய எவண்டேலில் ஓடிக்கொண்டிருக்கிறது. நெடுஞ்சாலையில் போகும்போது பார்க்கலாம்.

புதிதாக வாடகைக்கு வரும் தமிழர்கள் வீடு பார்க்க என்னைத் துணைக்குக் கூப்பிடுவதுண்டு. பள்ளி எப்படி, பேருந்து வருமா என்றெல்லாம் கேட்பார்கள். நான் இரண்டு விஷயம் சொல்வேன். மேடை எந்த வருடம் போட்டது என்று கேட்டுப் படிவத்தில் எழுதி வாங்குங்கள். பிறகு கிரைண்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்னால், அறை விளக்கை அணைத்துவிட்டு, கைபேசி வெளிச்சத்தை மேடையோடு மேடையாகப் படுக்கவைத்து ஒரு படம் எடுங்கள். நேரே பார்த்தால் தெரியாத கோடெல்லாம் அப்போது எழுந்து நிற்கும். உங்களுக்கு முன்னால் அங்கே சமைத்தவர்கள் எல்லோருடைய கோடும்.